மலையைச் சுத்தியாச்சு... மரத்தைப் பாத்தீங்களா?

பௌர்ணமிக்கு முதல் நாள் சாயங்காலம் கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நின்னு பாருங்க. திருவண்ணாமலை பஸ் வந்து நிக்கிறதுக்குள்ள ஜன்னல் வழியா கர்ச்சீப் பறக்கும், பேக் பறக்கும். கூட்டத்தில் பாதி உங்க வயசுதான். அரியர் க்ளியர் ஆகணும், கேம்பஸ் இன்டர்வியூவில் செலக்ட் ஆகணும், 'அந்த' மெசேஜுக்கு ரிப்ளை வரணும்... ஆளுக்கொரு வேண்டுதல்.

ராத்திரி பூரா 14 கிலோமீட்டர், வெறுங்காலில். இந்திர லிங்கத்தில் ஆரம்பிச்சு ஈசான்ய லிங்கம் வரைக்கும் எட்டு லிங்கம். நடுவில் நாலு டீ, ஒரு சுண்டல் பொட்டலம், நூறு செல்ஃபி. மறுநாள் பாதம் கொப்பளிச்சுப் போய் ஹாஸ்டலில் படுத்துக் கிடப்பீங்க.

சரி, ஒரு கேள்வி. எட்டு லிங்கத்தின் பேரையும் வரிசையாச் சொல்றவங்க உங்க கேங்கிலேயே ரெண்டு பேராவது இருப்பாங்க. போற வழியில் பார்த்த மரங்களில் எட்டு பேர் சொல்லச் சொன்னா? வேம்பு, புளி, புங்கம்... அதுக்கு மேல வண்டி ஓடாது. இருட்டில் போனா எப்படித் தெரியும்னு கேக்கறீங்களா? நியாயம். அதனால இந்த வாரம் பகல்ல போறோம்.

ஒரே அம்மா, ஆயிரம் பிள்ளை

முதல்ல கோயிலுக்குள்ள போயிடுவோம். கிழக்கே நிக்கிற ராஜகோபுரம் 217 அடி. கிருஷ்ணதேவராயர் ஆரம்பிச்சு வைக்க, தஞ்சாவூர் செவ்வப்ப நாயக்கர் காலத்தில் முடிஞ்சது. இதெல்லாம் கைடு சொல்லிடுவார். நீங்க மூணாம் பிரகாரத்தில் இருக்கிற மகிழ மரத்தைத் தேடிப் போங்க. அதுதான் இந்தக் கோயிலின் தல விருட்சம். அது பக்கத்தில் நின்னு சுத்திப் பார்த்தா ஒன்பது கோபுரமும் தெரியும். எல்லாரும் அண்ணாந்து கோபுரத்தை எண்ணுவாங்க. நீங்க கொஞ்சம் மரத்தையும் பாருங்க. இலை பளபளன்னு இருக்கும், பூ சின்ன நட்சத்திரம் மாதிரி. காஞ்சு போனாலும் வாசம் போகாத பூ இது.

இப்போ ஒரு கணக்கு. இந்த ஒரே மரத்துப் பழத்தைப் பொறுக்கி, கொட்டையைப் போட்டு, ஆயிரம் கன்று வளர்த்து, மலையில் நட்டாச்சுன்னு வெச்சுக்குவோம். போட்டோ எடுத்தா சூப்பரா இருக்கும். எண்ணிக்கை ஆயிரம். குடும்பம் எத்தனை? ஒண்ணே ஒண்ணு!

ஆயிரமும் ஒரே அம்மாவின் பிள்ளைகள். இதுங்க வளர்ந்து பூத்தா, மகரந்தம் மாறுறதும் சொந்தத்துக்குள்ளேயேதான். ரெண்டு மூணு தலைமுறை இப்படியே போச்சுன்னா, அதுவரைக்கும் மறைஞ்சிருந்த குறைகள் எல்லாம் ஜோடி சேர்ந்து மேல வரும். விதை சரியா முளைக்காது, கன்று சவலையாகும், நோய் வந்தா மொத்தமா படுக்கும். நம்ம ஊரில் சொந்தத்துக்குள்ள கல்யாணம் வேண்டாம்னு டாக்டர்கள் சொல்றாங்களே, அதே கதைதான்.

விதைக்குப் பதிலா கிளையை வெட்டி நட்டு வளர்த்தா இன்னும் மோசம். அது பிள்ளை கூட இல்லை, ஜெராக்ஸ். அசலில் என்ன இருக்கோ அதேதான் நகலிலும். பரீட்சை ஹாலில் ஒருத்தனைப் பார்த்து மொத்த ரூமும் காப்பி அடிக்கிறதை நினைச்சுக்குங்க. அவனுக்குத் தெரிஞ்ச கேள்வி வந்தா எல்லாரும் பாஸ். தெரியாத கேள்வி வந்தா? ரூமே காலி. இயற்கை எப்பவும் சிலபஸ்ல இல்லாத கேள்வியைத்தான் கேக்கும். வறட்சி, புதுசா ஒரு பூச்சி, ஒரே நாளில் கொட்டித் தீர்க்கிற மழை. ஒரே இனத்துக்குள்ளேயே ஒவ்வொரு மரமும் கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசமா இருந்தாத்தான் அதில் ஏதாவது ஒண்ணு ரெண்டுக்காவது பதில் தெரிஞ்சிருக்கும். மரபணு வேறுபாடுன்னு பாடப்புத்தகத்தில் ரெண்டு மார்க் கேள்வியா வர்ற சமாச்சாரம் இவ்வளவுதான்.

மொட்டை மலைக்கு முடி

கோயிலை விட்டு வெளியே வந்து மலையை நிமிர்ந்து பாருங்க. 2,668 அடி. இன்னிக்குத் தெற்குச் சரிவிலும் மேற்குச் சரிவிலும் பச்சையா இருக்கிற இடங்கள் 1980களில் இப்படி இல்லை. பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்த்தா பாறையும் புல்லும்தான். ரமணர் 1896ல் பதினாறு வயசில் இங்கே வந்து, அப்புறம் விருபாட்ச குகையிலும் ஸ்கந்தாசிரமத்திலும் வருஷக்கணக்கில் மலை மேலேயே இருந்தவர். அவர் கூட இருந்தவங்க எழுதி வெச்ச நினைவுகளில் மலையில் சிறுத்தை வந்துபோனதெல்லாம் இருக்கு. அந்த மலைதான் விறகுக்கு வெட்டி, ஆடு மாடு மேய்ச்சு, வருஷா வருஷம் கோடையில் தீ பிடிச்சு, கடைசியில் மொட்டையாச்சு.

1980களின் கடைசியில் இங்கே அண்ணாமலை ரீஃபாரஸ்டேஷன் சொசைட்டின்னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சது. ஆஸ்திரேலியாவின் மழைக்காட்டுப் போராளி ஜான் சீட் உதவிக்கு வந்தார். அவங்க நாற்றங்கால் போட்ட இடம் எது தெரியுமா? கோயிலின் வெளிப் பிரகாரம்! மதிலுக்கும் மதிலுக்கும் நடுவில் சும்மா கிடந்த நிலத்தில் கன்று வளர்த்து, அங்கிருந்து மலைக்குக் கொண்டு போனாங்க. சாமிக்கு நந்தவனம் தெரியும், மலைக்கே நந்தவனம் போட்டது இவங்கதான்.

அதுக்குப் பிறகு 2000களில் இருந்து 'ஃபாரஸ்ட் வே' அமைப்பு வனத்துறையோடு சேர்ந்து அந்த வேலையைச் செய்யுது. நூறுக்கும் மேற்பட்ட உள்ளூர் மர, செடி வகைகளை நாற்றங்காலில் வளர்க்கிறாங்க. வடகிழக்குப் பருவமழை தொடங்கினதும் தலைச்சுமையா கன்றுகளை மேலே ஏத்தி நடறாங்க. ஆயிரக்கணக்கில் நடறதைவிடக் கஷ்டமான வேலை ஒண்ணு இருக்கு. மழையில் ஆளுயரம் வளர்ற புல், மாசி பங்குனியில் பொரியாக் காஞ்சு நிக்கும். ஒரு பீடித்துண்டு போதும். அதனால தை மாசமே மலையைச் சுத்தித் தீத்தடுப்புக் கோடு போட ஆரம்பிச்சிடணும். புல்லையும் சருகையும் அகலமா வெட்டி ஒதுக்கினா, வர்ற தீ அந்த இடத்தில் சாப்பாடு இல்லாம நின்னுடும். அதையும் மீறி வந்தா, பச்சைத் தழையை ஒடிச்சு அடிச்சு அணைக்கிறதுதான். ஹெலிகாப்டர் எல்லாம் சினிமாவில்தான் பாஸ்.

என்ன கேட்டா, மரம் நடு விழாக்களை விட இந்தக் கோடு போடற வேலைக்குத்தான் கைதட்டணும். நட்ட மரத்தோட போட்டோ பேப்பரில் வரும். எரியாம இருந்த மரத்தை யார் போட்டோ எடுப்பாங்க?

விதை எங்கேருந்து?

இப்பத்தான் நம்ம கணக்கு உதைக்கும். மொட்டையாப் போன மலையில் நட விதை வேணும். தாய் மரமே மிச்சம் இல்லாத இடத்தில் விதைக்கு எங்கே போறது?

வேம்பு, புங்கம், புளின்னா கவலையே இல்லை, ரோட்டோரத்தில் கிடைக்கும். ஆனா இந்தப் பக்கத்துப் பூர்வீகக் காடு வேற ரகம். கோடையிலும் இலை உதிர்க்காத, குட்டையான, அடர்த்தியான காடு. உலர் பசுமைமாறாக் காடுன்னு பேரு. வீரை, காசா, உலக்கைப்பாலை, கருங்காலி... இந்தப் பேரில் எத்தனை நீங்க கேள்விப்பட்டது? கருங்காலியை மட்டும் கேட்டிருப்பீங்க, மாலையா விக்கிறாங்களே! சோழமண்டலக் கடற்கரையை ஒட்டி ஒரு காலத்தில் பரவி இருந்த இந்தக் காடு இன்னிக்குத் துண்டு துண்டா ஒட்டிக்கிட்டிருக்கு. அதிலும் பெரும்பாலான துண்டுகளைக் காப்பாத்தினது ஐயனார்தான்.

நிஜமாத்தான். புதுச்சேரிக்கு வடக்கே கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டுக்கு ஒருநாள் போயிட்டு வாங்க. உள்ளே நுழைஞ்சதும் ஏசி போட்ட மாதிரி இருக்கும். சாமி குத்தம்னு சுள்ளி கூட ஒடிக்காம விட்டதால் பிழைச்ச காடு. பக்கத்திலேயே ஆரோவில். 1968ல் செம்மண் பொட்டலா ஆரம்பிச்சு, இதே மாதிரி கோயில் காடுகளில் விதை எடுத்துத்தான் அங்கேயும் இந்தக் காட்டு மரங்களைத் திரும்பக் கொண்டு வந்தாங்க.

ஆனா துண்டுக் காட்டில் ஒரு சிக்கல். ஒரு கோயில் காட்டில் ஒரு வகை மரம் அஞ்சுதான் இருக்குன்னா, அந்த அஞ்சுக்குள்ளதான் மகரந்தம் மாறணும். அடுத்த துண்டு பத்து கிலோமீட்டர் தள்ளி. நடுவில் வயல், ரோடு, பிளாட் போட்ட நிலம். தேனீ அவ்வளவு தூரம் ஷட்டில் அடிக்காது. மரம் பச்சையாத்தான் நிக்கும், பூக்கும், காய்க்கும். உள்ளுக்குள்ள குடும்பம் சுருங்கிக்கிட்டே வரும். பார்த்தாத் தெரியாத நஷ்டம் இது.

அதனாலதான் விதை சேகரிக்கிறவங்க கையேடுகளில் ஒரு பொது விதி உண்டு. முடிஞ்சா ஒரு வகைக்கு 25, 30 தாய் மரங்களுக்குக் குறையாம எடு. ஒண்ணுக்கொண்ணு 50, 100 மீட்டராவது தள்ளி இருக்கிற மரங்களாப் பார். பக்கத்துப் பக்கத்தில் நிக்கிறது அக்கா தங்கச்சியா இருக்க வாய்ப்பு அதிகம். ஒரே மரத்தில் மூட்டை நிறைய உலுக்கி எடுத்தா வேலை சுலபம், காடு போலி. இதுக்கு மேல டைம் பிரச்னை வேற. நாவல், வேம்பு மாதிரி விதைகள் அரிசி மாதிரி டப்பாவில் போட்டு வைக்கிற சமாச்சாரம் இல்லை. விழுந்த சில நாள், சில வாரத்துக்குள் மண்ணுக்குப் போகலேன்னா செத்துடும்.

திருவண்ணாமலை மாவட்டத்திலேயே இதுக்குப் பெரிய உதாரணம் ஜவ்வாது மலை. வாசனைக்குப் பேர் போன சந்தனம். உலகப் பட்டியலில் இன்னிக்கு அது 'அழிய வாய்ப்புள்ள' இனம். வெட்டினவங்க எதை வெட்டினாங்க? நல்ல தடிமனா, வைரம் பாய்ஞ்ச மரத்தை. அதாவது வகுப்பில் ரேங்க் ஹோல்டரை எல்லாம் தூக்கிட்டாங்க. விதை கொடுக்க மிஞ்சினது மத்தது. சந்தனம் வேர்லேருந்தும் துளிர்க்கும். அதனால ஒரு இடத்தில் பத்து கன்று நின்னாலும் பத்தும் ஒரே மரத்தின் நகலா இருக்கலாம். சந்தனம் இன்னொரு விஷயத்தில் நம்ம ஹாஸ்டல் பசங்க மாதிரி: பக்கத்து மரத்து வேரில் வாயை வெச்சு உறிஞ்சித்தான் வளரும். அரை ஒட்டுண்ணி. சந்தனத்தை மட்டும் தனியா நட்டா வராது, பக்கத்தில் துணை மரம் வேணும்.

கொஞ்சம் கடல் பக்கம்

மலை ஊரில் நின்னுக்கிட்டு கடலைப் பத்திப் பேசறேன்னு பார்க்காதீங்க. ஜெராக்ஸ் காப்பி கதை நம்ம தமிழ்நாட்டிலேயே நடந்தது மன்னார் வளைகுடாவில்தான்.

மைக்ரோபயாலஜி படிக்கிறவங்களுக்குத் தெரியும், கண்ணாடித் தட்டில் ஊத்துற அகர். வீட்டில் பாலில் போட்டுச் செய்யற கடல்பாசி அல்வாவும் அதே அகர்தான். அது கிடைக்கிற பாசிகளில் முக்கியமானது ரெண்டு: மரிக்கொழுந்து பாசி, கஞ்சிப்பாசி. ராமநாதபுரம் மாவட்டத்துக் கரையோரப் பெண்கள் கண்ணாடியை மாட்டிக்கிட்டு, விரலில் துணி சுத்திக்கிட்டு, மூச்சடக்கி முங்கிப் பாறையிலிருந்து பறிச்சு எடுப்பாங்க. மரிக்கொழுந்து பாசி மெதுவா வளர்ற ஜாதி. தேவை ஏற ஏற, கிடைக்கிறது குறைஞ்சது. 1986ல் தேசியப் பூங்காவா அறிவிச்ச 21 தீவுகளைச் சுத்தி எடுக்கத் தடை வேற. அந்தப் பெண்களே உக்காந்து பேசி முடிவு பண்ணினாங்க. மாசத்துக்கு 12 நாள்தான் பாசிக்குப் போறது. அமாவாசையை ஒட்டி 6 நாள், பௌர்ணமியை ஒட்டி 6 நாள். மிச்ச நாள் பாசிக்கு லீவு. பாம்பன் தீவின் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு இந்த முயற்சிக்காக 2015ல் அமெரிக்காவின் சீகாலஜி விருது கிடைச்சது.

அதே கரையில் இன்னொரு பாசி. 2000வாக்கில் பெப்சி நிறுவனம் ஒப்பந்த முறையில் கொண்டு வந்ததால் ஜனங்க வெச்ச பேரு 'பெப்சி பாசி'. தாவரவியல் பேரு கப்பாஃபைகஸ். ஊர் பிலிப்பைன்ஸ் பக்கம். மூங்கில் மிதவையில் துண்டு துண்டாக் கட்டி விட்டா 45 நாளில் அறுவடை. கையில் காசு பார்த்தாங்க. ஆனா வெளிநாட்டிலிருந்து வந்தது கொஞ்சமே கொஞ்சம் துண்டுகள், அதையே ஒடிச்சு ஒடிச்சுப் பெருக்கினதுதான் மொத்தமும். விதை இல்லை, கல்யாணம் இல்லை, ஜெராக்ஸோ ஜெராக்ஸ். 2013, 2014ல் கடல் சூடு ஏறினப்போ மிதவை மிதவையா வெளுத்துச் செத்தது. ஒண்ணுக்குத் தாங்கலேன்னா எதுக்கும் தாங்கலை. வருமானத்தை நம்பி இருந்த குடும்பங்கள் தவிச்சுப்போச்சு. இதுக்கு நடுவில் 2008லேயே குருசடைத் தீவில் இந்தப் பாசி மிதவையை விட்டுத் தப்பிப் போய்ப் பவளப்பாறை மேல படர்ந்ததை ஆராய்ச்சியாளர்கள் பதிவு பண்ணிட்டாங்க.

வளர்க்கணும்னா எதை வளர்க்கிறோம், எத்தனை வகையிலிருந்து எடுத்து வளர்க்கிறோம்னு அங்கே கேக்க வேண்டிய அதே கேள்விதான் இங்கே மலையில் குழி தோண்டும்போதும். வேகமா வளரும்னு எங்கிருந்தோ ஒரு மரத்தைக் கொண்டாந்து நட்டிருந்தா மலை என்னிக்கோ பச்சையாகி இருக்கும். ஊர் மரத்துக்காகக் காத்துக்கிட்டிருக்கிறவங்க அந்த ஷார்ட் கட்டை எடுக்கலை.

அந்த டிசம்பர்

மழை விஷயத்துக்கு வருவோம். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தது. மறுநாள் டிசம்பர் 1, திருவண்ணாமலையில் மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிஞ்சு ஒரு வீட்டை மூடிடுச்சு. ஏழு பேர். அதில் அஞ்சு பேர் குழந்தைகள். ஊரே அந்தத் தெருமுனையில் நின்னது.

அந்த வருஷக் கார்த்திகை தீபம் டிசம்பர் 13. வழக்கமா ஆயிரக்கணக்கான பேர் மலை ஏறுவாங்க. ஐ.ஐ.டி. நிபுணர்கள் வந்து பார்த்துட்டு மண் இளகி இருக்குன்னு சொன்ன பிறகு, பக்தர்களுக்கு அனுமதி இல்லைன்னு அரசு அறிவிச்சது. கொப்பரை, நெய், திரி கொண்டு போறவங்க மட்டும் ஏறினாங்க. தீபம் எரிஞ்சது.

காடு இருந்திருந்தா சரிவே நடந்திருக்காதுன்னு சொல்ல மாட்டேன். அவ்வளவு மழையை எந்தச் சரிவும் சும்மா வாங்கிக்காது. சரிவில் வீடு கட்டினது தனிக் கேள்வி, அதுக்கு மரம் பதில் சொல்லாது. ஆனா வெறும் புல்லோட வேர் ஒரு சாண் ஆழம். மரத்து வேர் பாறை இடுக்கில் இறங்கி மண்ணைப் பிடிக்கும், இலை மழையோட வேகத்தை உடைக்கும். ஒரே வகை மரம் மட்டும் நின்னா வேரெல்லாம் ஒரே ஆழத்தில்தான் நிக்கும். பல வகை நின்னா ஒண்ணு மேலே வலை பின்னும், ஒண்ணு ஆழமா ஆணி அடிக்கும். முப்பது வருஷமா அந்தச் சரிவில் குழி தோண்டினவங்களுக்கு இது தெரியும். இன்னும் எத்தனை சரிவு பாக்கி இருக்குன்னும் தெரியும்.

கிளம்பறீங்களா?

பகல் கிரிவலம்னா விடியக்காலை அஞ்சு மணிக்கு நடக்க ஆரம்பிச்சிடுங்க. ஒன்பது மணிக்கு மேல தார் ரோடு காலை வறுத்துடும். ரமணாசிரமம் தாண்டி செங்கம் ரோட்டில் போகும்போது வலது பக்கம் காப்புக்காடு. அங்கே கூட்டம் குறைவு. சத்தம் போடாமப் போனா புள்ளிமான் தெரியும். பிஸ்கெட் கொடுக்காதீங்க, ப்ளீஸ். மாசி பங்குனியில் போனா இலையே இல்லாம ஆரஞ்சுப் பூவா நிக்கிறது புரசு. சித்திரையில் மஞ்சள் சரம் தொங்கினா சரக்கொன்றை. நிழலுக்கு நிக்கிற பெரிய புளிய மரங்களைத் தொட்டுப் பாருங்க. ரோட்டை அகலப்படுத்த மரங்களை வெட்ட ஆரம்பிச்சு, 2016ல் பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் கேஸ் போய்த் தப்பிச்ச ஆளுங்க அதில் உண்டு.

சாதாரண நாளில் உச்சிக்கு ஏற வனத்துறை விடறதில்லை, 'நம்ம பையன் கூட்டிட்டுப் போவான்'னு யாராவது சொன்னா நம்பிப் போகாதீங்க. ரமணாசிரமத்துக்குப் பின்னாடி ஸ்கந்தாசிரமம் போற கல் பாதை போதும். அந்தப் பாதையின் ரெண்டு பக்கமும் நிக்கிற மரங்களில் பாதி, நட்டு வளர்த்தது. எது நட்டது, எது தானா வந்ததுன்னு கண்டுபிடிக்க முடியுதான்னு முயற்சி பண்ணிப் பாருங்க, எனக்கு முடியலை.

கன்று நடணும்னு ஆசை இருக்கிறவங்க மே மாச லீவில் மூட்டை கட்டிக்கிட்டு வராதீங்க. அது நடற சீசன் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் வாங்க. செமஸ்டர் நேரம்னு தெரியும், ஒரு சனி ஞாயிறு போதும். 2024 மே மாசத்திலிருந்து சென்னை பீச்சில் இருந்து வேலூர் வழியா திருவண்ணாமலைக்குப் பாசஞ்சர் ரயில் ஓடுது. பஸ்ஸை விட டிக்கெட் ரொம்பக் குறைவு, நேரம் ரொம்ப அதிகம், சாயங்காலம் கிளம்பினா நடுராத்திரிக்குத்தான் இறங்குவீங்க. சீட்டுக்கட்டு எடுத்துக்குங்க.